மூடிய கையை விரித்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே பொருளைப் பற்றியவை. வீட்டில் எழுந்து நடமாட முடியாமல் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருப்பவர்கள், கொடுக்கும் பணத்துக்கு உரிய பராமரிப்பு கிடைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு இருந்தனர். நாட்டின் சராசரி 8.6. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட காவிரிக் கரை ஊர்களில், கூடமும் முற்றமும் உள்ள பெரிய வீட்டில் இரண்டு முதியவர்களும் சம்பளத்துக்கு வந்த ஒருவரும் மட்டுமே இருப்பது இன்று அரிய காட்சியன்று. அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், அப்படியிருந்தும் ஓர் ஏஜென்சியிடம் ஏமாந்தவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 78. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து எட்டு மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதம் இருமுறை வந்து போகிறேன். ஏஜென்சியில் கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்கிறார்கள். வீடும் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வீடு சுத்தமாக இருப்பது நல்லதுதான், ஐயா. ஆனால் நீங்கள் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், இரண்டு மணி நேரத்தில் எவரும் ஒரு வீட்டைப் பெருக்கித் துடைத்து டெட்டால் தெளித்து வைத்துவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் சரிசெய்ய முடியாதது உங்கள் தந்தையின் உடம்பு. ஆகவே சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் அவருடைய வலக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் கண்ட கை நாளடைவில் இறுகி மூடிக்கொள்ளும். மணிக்கட்டைச் சற்று உட்புறமாக மடக்கிக்கொண்டால் விரல்களின் இறுக்கம் கொஞ்சம் தளரும். அப்போது ஒவ்வொரு விரலாக மெல்ல விரித்துப் பாருங்கள். உள்ளங்கை உலர்ந்து, நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டு, வாடை ஏதும் இல்லாமல் இருந்தால், நாள்தோறும் யாரோ ஒருவர் பொறுமையாக அந்தக் கையைத் திறந்து கழுவி ஈரம் போகத் துடைக்கிறார் என்று பொருள். புளித்த வாடையும், ஊறி வெளுத்த தோலும், உள்ளங்கையில் நகம் பதிந்த வடுவும் தென்பட்டால், முகம் கழுவித் திருநீறு இட்டுச் சாய்த்து உட்கார வைத்திருக்கும் அழகைக் கண்டு நிறைவடைய வேண்டாம். முகம் வருகிறவர்களுக்குத் தெரியும். மூடிய கைக்குள் எவரும் பார்ப்பதில்லை.

அடுத்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பாருங்கள். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்க எலும்புகள், குதிகால், கணுக்கால், பின்மண்டை, காது மடல் ஆகிய எலும்பு முட்டும் இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும். தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தால், நல்ல தோலாக இருப்பின் வெளுத்து மீண்டும் சிவக்கும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்பிப் படுக்க வைக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பயிற்சி போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். படுக்கையிலேயே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் நாங்கள் மருத்துவமனையில் கடைப்பிடித்த வழக்கம். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், வளையம் போன்ற மெத்தையில் உட்கார வைப்பதும் தீங்கையே செய்யும்; இரண்டும் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் நடக்கின்றன.

வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிப் பாருங்கள். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தின் உள்ளே காலையில் ஊட்டிய இட்லி மாலையிலும் தங்கியிருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது சுத்தக்குறைவு மட்டுமன்று, மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாவுக்கு வழி. நிற்க முடியாதவரை எடை பார்க்க முடியாது என்பதால், தையல்காரரின் நாடா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, செயல்படும் இடது மேற்கையின் சுற்றளவையும் கெண்டைக்காலின் சுற்றளவையும் ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அளந்து குறித்து வாருங்கள். இரண்டு மாதங்களில் அளவு தொடர்ந்து குறைந்தால், ‘நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்ற பேச்சுக்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்ற கணக்கைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கணக்கு என்றதும் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாமியார் படுக்கையில் விழுந்தபோது நாங்களும் ஓர் ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். எந்த நேரத்தில் எவ்வளவு கஞ்சி, எத்தனை மில்லி சிறுநீர், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது என்றெல்லாம் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்ட நோட்டைக் கண்டு நான் பெருமிதம் கொண்டிருந்தேன். ஒரு நாள் பேருந்து முன்னதாகவே வந்துவிட்டதால் பிற்பகல் நான்கு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமியார் உறங்கிக்கொண்டிருந்தார். நோட்டைப் புரட்டினால், ‘மாலை 6.00 – ராகிக் கஞ்சி 200 மி.லி., முழுவதும் குடித்தார், இரவு 8.00 – இடப்பக்கம் திருப்பப்பட்டது’ என்று அன்றைய இரவு வரை எழுதி முடிக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் நோட்டைத் திருத்தியவள் நான். வீட்டு நோட்டைச் சோதிக்கத் தோன்றவில்லை. உண்மையான நோட்டு அத்தனை அழகாக இருக்காது. நேரம் 6.00, 8.00 என்று முழு எண்ணாக விழாமல் 6.20, 8.35 என்று விழும், பேனா மாறும், கஞ்சிக் கறை இருக்கும், ‘வேண்டாம் என்று சொல்லிவிட்டார்’, ‘இருமினார், நிறுத்திவிட்டேன்’ என்ற வரிகள் இடையிடையே வரும். எல்லாம் சரியாகவே நடந்ததாகச் சொல்லும் நோட்டை நம்பாதீர்கள்.

கடைசியாக இரண்டு வேலைகளை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. செயலிழந்த வலக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும். தூக்குபவர் தந்தையின் வலப்பக்கம் நின்று முதுகையும் இடுப்பையும் தாங்க வேண்டும். மற்றொன்று, ஊட்டுவது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் இருந்தால் அவருக்குத் தொழில் தெரியும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பின், ஆளை வெளியே கடைக்கு அனுப்பிவிட்டுத் தந்தையிடமே கேளுங்கள். பேச்சு குழறினாலும் தலையசைக்க முடியும் அல்லவா? அடுத்த முறை வரும்போது சொல்லாமல் வாருங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், அங்கே வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களை அரசு அமைப்பு ஒன்று சோதித்துத் தரம் பிரித்து வெளியிடுகிறது என்கிறாள். இங்கே அப்படி ஏதும் உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: மகள் சொல்வது சரியே, அம்மா. 2009-இல் தொடங்கப்பட்ட ‘கேர் குவாலிட்டி கமிஷன்’ என்ற அமைப்பு அங்கே அந்த வேலையைச் செய்து வருகிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, அவரவர் தேவைக்கேற்ப மாறிக்கொள்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்னும் ஐந்து கேள்விகளைக் கேட்டு, மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நான்கில் ஒரு தரத்தை அது அளிக்கிறது. ஆள் அமர்த்துவதற்கு முன் புரட்டிப் பார்க்கக்கூடிய அத்தகைய பட்டியல் நம் கைக்குக் கிடைப்பதில்லை என்பதால், அந்த ஐந்து கேள்விகளையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றுள் ‘பலன் தருகிறதா’ என்பதைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். குளித்தல், உடுத்துதல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களை வைத்து ஒருவர் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறார் என்று கணக்கிடும் முறையை கேட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டார்கள். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஆள் வந்த முதல் நாள் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, எவற்றைத் தாமாகச் செய்கிறார், எவற்றுக்கு உதவி வேண்டும் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் குறியுங்கள். தானே கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு, சிந்துகிறது, நேரமாகிறது என்று ஊட்டத் தொடங்கினால், பார்ப்பவர்கள் ‘எவ்வளவு அன்பாக ஊட்டுகிறாள்’ என்பார்கள். சில வாரங்களில் அவர் கரண்டி பிடிப்பதையே மறந்துவிடுவார். கழிவறைக்குக் கைத்தாங்கலாக நடந்து போனவருக்கு வேலை எளிதாகட்டும் என்று பகலிலும் டயபர் கட்டிவிடுவதும் அப்படிப்பட்டதுதான். அது பராமரிப்பாகாது, அம்மா. நோய் செய்யாததை ஆள் செய்து முடிப்பதாகும்.

ஏஜென்சிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு கண்ணும் உங்களுக்குத் தேவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் தொல்லையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். கட்டணம் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால், அந்தச் செவிலியர் வரும் நாளில் புண்ணையும் டியூபையும் பார்த்து அவர் சொல்வதே உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆய்வறிக்கை. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை.

கேள்வி: ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். மூன்று மாதத்தில் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். அம்மாவுக்கு மூக்கு வழியாக டியூப் இருக்கிறது, யூரின் பேக்கும் இருக்கிறது. இவர்கள் உண்மையிலேயே நர்ஸ்கள்தானா என்று எப்படி அறிவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வெள்ளை உடை அணிந்த எல்லோரையும் நர்ஸ் என்று அழைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, ஏஜென்சிகள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. செவிலியர் என்பவர் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத பட்டயமோ நான்கு ஆண்டுப் பட்டமோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவர். பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான செவிலியர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார். உங்கள் வீட்டுக்கு வந்த ஐவரும் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ பயிற்சி பெற்ற உதவியாளர்களாகவே இருப்பார்கள். அதில் குறையொன்றுமில்லை. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் திருப்பிப் படுக்க வைக்கவும் நல்ல உதவியாளர் போதும். செவிலியருக்குரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு உதவியாளரை அனுப்புவதுதான் குறை. மூக்கு டியூபைப் புதிதாகப் போடுவதும், சிறுநீர்க் குழாயை மாற்றுவதும், நரம்பில் ஊசி போடுவதும் பதிவு பெற்ற செவிலியரோ மருத்துவரோ செய்ய வேண்டியவை. ‘நானே போட்டுவிடுவேன், எத்தனையோ போட்டிருக்கிறேன்’ என்று உதவியாளர் சொன்னால் தடுத்துவிடுங்கள்.

டியூபில் கஞ்சி விடும்போது தலைமாட்டை முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை உயர்த்தி வைக்கிறாரா, மூக்கருகே டியூபில் இட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறாரா, யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்குகிறதா என்ற மூன்றையும் கவனித்தாலே வந்தவரின் பயிற்சி தெரிந்துவிடும். அம்மாவை ஒருபக்கமாகத் திருப்பும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் அதிகம். பையிலுள்ள பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போவதைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் ஐந்து பேர் மாறியது எனக்கு மற்றெல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. புது ஆள் வரும் ஒவ்வொரு முறையும், அம்மாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்டும், எந்த மாத்திரையைப் பொடித்தால் டியூப் அடைக்கும் என்ற அறிவு வீட்டை விட்டு வெளியேறுகிறது. ஆள் மாறுவதைத் தடுக்க முடியாவிட்டாலும், பழையவரும் புதியவரும் அரை நாளாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஒப்பாத ஏஜென்சி, ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லாது.

கேள்வி: இரண்டு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கினார்கள். ஆள் பத்து நாளில் நின்றுவிட்டார். மாற்று ஆளும் இல்லை, பணமும் வரவில்லை. கையில் ரசீதும் இல்லை.
– வாசகர், திருவாரூர்

பதில்: இது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பலனில்லையெனில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. ரசீது இல்லை என்கிறீர்கள். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்குமே, அவற்றை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நீடாமங்கலத்தில் என் தாயார் தனியே இருக்கிறார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கூடத்திலும் படுக்கையறையிலும் கேமரா வைத்திருக்கிறேன். இது போதாதா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கேமரா வைத்ததைத் தாயாரிடமும் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமும் சொல்லிவிட்டுத்தான் வைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. உடை மாற்றும் அறையில், மகனேயானாலும், இன்னொரு நாட்டிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை எண்பது வயதுப் பெண்மணி விரும்புவாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். படுக்கையறைக் கேமராவை எடுத்துவிடும்படி நான் சொல்வேன். கூடத்தில் இருப்பது இருக்கட்டும்.

கேமராவுக்குச் சில செய்திகள் தெரியும்: ஆள் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் கைபேசியில் இருந்தார், கீழே விழுந்தாரா என்பன. வாய்க்குள் புண் இருப்பதும், மூன்று நாளாக மலம் கழியாததும், பேச்சில் இருக்கும் கடுகடுப்பும் அதற்குத் தெரியாது. நீங்கள் நாள்தோறும் போனில் ‘அம்மா எப்படி இருக்கிறார்’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறார்’ என்ற பதில்தான் வரும். பதினொரு மணிக்கு என்ன குடித்தார், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார், காலை சுகர் எவ்வளவு, இன்று எதற்காகக் கோபப்பட்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே ஒருவர் பதில் சொன்னால், அவர் உங்கள் தாயாரோடு உண்மையிலேயே பேசிப் பழகுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். எதிர் வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும் உறவினர் ஒருவரை, வாரம் ஒரு முறை வெவ்வேறு நேரத்தில் சும்மா எட்டிப் பார்த்துவரக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவை விட அவருக்கு வாங்கித் தரும் காப்பிப் பொடி மலிவு.

கேள்வி: மறதி நோயுள்ள என் அத்தை, பார்த்துக்கொள்ளும் பெண் கிள்ளுவதாகச் சொல்கிறார். மறுநாள் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். நம்புவதா, வேண்டாமா?
– வாசகி, திருவையாறு

பதில்: நம்பி, விசாரியுங்கள். மறதி உள்ளவர் நாளையும் பெயரையும் தவறவிடுவார். வலித்தது என்பதைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. மேற்கையின் உட்புறத்திலும் மணிக்கட்டிலும் விரல் பதிந்தது போன்ற கன்றிய தடங்கள் இருக்கின்றனவா, அந்தப் பெண் அறைக்குள் வந்ததும் பேச்சு நின்றுபோகிறதா, நீங்கள் போகும்போதெல்லாம் அசாதாரணமாக உறங்கிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். தூக்க மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால், எழுதிக் கொடுத்ததற்கு மேல் குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதே நேரத்தில், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாகப் பிடித்துத் தூக்கினாலே தோல் கன்றிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். முடிவு தெரியும் வரை வேறு ஆளை வைத்துக்கொள்வதே அத்தைக்கும், ஒருவேளை குற்றமற்றவராக இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் நல்லது. ஐயம் உறுதிப்பட்டால், காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை இயங்கும் முதியோர் உதவி எண் 14567-இல் ஆலோசனை கேளுங்கள்; காவல் நிலையத்துக்குப் போகவும் தயங்க வேண்டாம். புதிய ஆளை அமர்த்துமுன் காவல் துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

கேள்வி: தந்தைக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) தேவைப்படுகிறது. மழைக்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு உங்கள் ஊரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை மூன்று. மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள ஆளுக்குச் சிலிண்டரை மாற்றி இணைக்கத் தெரியுமா? அந்த ஆள் எந்த ஊரிலிருந்து வருகிறார், பேருந்து நின்றால் எப்படி வருவார்? வராவிட்டால் பதிலுக்கு யார்? முதல் கேள்விக்கு வாயால் பதில் வாங்காமல், மெயினை அணைத்துவிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் சிலிண்டரில் ஆக்சிஜன் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தந்தைக்கு இன்சுலினும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் முப்பது பாகைக்கு மேற்படாத இடத்தில் நான்கு வாரம் வரை கெடாது என்பதால், ஈரம் புகாத டப்பாவில் இட்டு மண்பானைக்குள் வைத்துச் சமாளிக்கலாம்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பு நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தேன். நடவு மெஷின் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டதால் ஏஜென்சியில் சேர்ந்தேன். ஒரு வீட்டில் 24 மணி நேர டூட்டி. பெரியவரைத் திருப்பிப் போடுவது, குளிப்பாட்டுவது தவிர, வீட்டுக்குச் சமையல், பாத்திரம், துணி எல்லாம் என் தலையில். இரவில் நான்கைந்து முறை எழ வேண்டும். சாப்பாடு கொல்லைப்புறத்தில், தனித் தட்டு. போன வாரம் அசந்து தூங்கிவிட்டேன். பெரியவர் படுக்கை நனைந்து கிடந்தது. மகன் வந்து, தரமில்லாத ஆள் என்று ஏஜென்சியிடம் புகார் சொல்லிவிட்டார்.
– வாசகி, பாபநாசம் அருகில்

பதில்: இந்தக் கடிதத்தை மேலே எழுதியிருக்கும் அனைவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே கடைசியில் வைத்தேன், சகோதரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நான் எழுதியதை ஒரே ஆள் இரவும் பகலும் செய்ய முடியாது. மருத்துவமனையில் அதை நாங்கள் மூன்று ஷிஃப்ட்டாகப் பிரித்துக்கொண்டுதான் செய்தோம். அப்படியும் இரவுப் பணியில் தவறியிருக்கிறோம். 24 மணி நேரத்துக்கு ஒருவர் என்று கட்டணம் பேசி முடிக்கும்போதே, ஏஜென்சியும் குடும்பமும் சேர்ந்து அந்தப் பெரியவரின் முதுகில் புண் வருவதற்கு ஒப்புக்கொண்டுவிடுகின்றன. இரவுக்கு வேறு ஆளோ, வீட்டாரில் ஒருவரோ இருக்க வேண்டும். பகலில் தொடர்ந்து சில மணி நேர உறக்கமும் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சமையல் வேண்டுமென்றால் சமையலுக்கு ஆள் வைக்கட்டும். தனித் தட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: ஆள் கேட்டு ஏஜென்சிக்குப் போன் செய்பவர்களில் சிலர் பயிற்சியைக் கேட்பதற்கு முன் சாதியைக் கேட்கிறார்கள். தகப்பனாரின் மலத்தைத் துடைக்கும் கை சமையற்கட்டுக்குள் நுழையக் கூடாது, ஆனால் சமையலும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் வீட்டில் எந்த அளவுகோலை வைத்துத் தரத்தை அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. உங்கள் சம்பளத்தில் ஏஜென்சி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். தமிழகத்தில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு ஆதார் அட்டையுடன் சென்று, உங்கள் வேலைக்குப் பதிவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெரியவரின் நோட்டில் அவருக்குச் செய்ததை எழுதும்போதே, இரவில் நீங்கள் எழுந்த நேரங்களையும் அடுத்த பத்தியில் எழுதி வாருங்கள்: 11.40, 1.15, 2.50, 4.05 என்று. அசந்து தூங்கிய இரவையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த முறை மகன் வந்து நோட்டைக் கேட்கும்போது, பதினைந்து இரவுகளுக்கான அந்தப் பத்தியை முதலில் அவர் படிக்கும்படி திறந்து கொடுங்கள்.